நாலு வருஷத்து டாக்டர்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி வழியாகத் திண்டிவனம் போகும் சாலையில், பத்துப் பன்னிரண்டு மைல் தாண்டியதும் கீழ்பென்னாத்தூர் வருகிறது. இப்போது அது ஒரு பேரூராட்சி. தாலுகாவின் தலைமை ஊர். சட்டசபைக்கு ஓர் உறுப்பினரை அனுப்பும் தொகுதியும்கூட. பஸ்ஸில் போகிறவர்கள், அண்ணாமலை பின்னால் நகர்ந்து நகர்ந்து சிறுத்துப் போவதைப் பார்த்துக்கொண்டே அரை மணியில் அந்த ஊரை அடைந்துவிடுவார்கள். ஆனால் 1920-ஆம் வருஷத்து வாக்கில் இதே வழியை யோசித்துப் பார்க்கிறவர் பஸ்ஸை மறந்துவிட வேண்டும். மாட்டு வண்டிதான் கணக்கு. நல்ல மாடாக இருந்தால் மணிக்கு மூன்று மைல். ராத்திரி வேளை, வண்டிக்காரனின் தூக்கக் கலக்கம், மழைக்காலத்துச் சேறு எல்லாவற்றையும் கூட்டினால் திருவண்ணாமலை போய்ச் சேர நாலு மணியோ ஐந்து மணியோ ஆகும். வாந்தி பேதி கண்ட மனிதனுக்கு ஐந்து மணி நேரம் என்பது பல சமயங்களில் மீதமிருக்கும் ஆயுள் முழுவதும்தான். வயிற்றில் குழந்தை குறுக்கே திரும்பிவிட்ட பெண்ணுக்கும் அப்படியே.

இந்தக் கணக்கை முதலில் போட்டுக்கொண்டு, பிறகு ஒரு கேள்வியைக் கேட்கலாம். சென்னையில் எட்டு வருஷம் படித்துத் தேர்ந்த டாக்டர் திருவண்ணாமலையில் இருப்பது மேலா, நாலு வருஷம் படித்த டாக்டர் கீழ்பென்னாத்தூரிலேயே இருப்பது மேலா? கேள்வி சுலபமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் இதற்குப் பதில் சொல்லப் புகுந்து இந்த தேசத்துப் பெரிய மனிதர்கள் பலர் ஒருவரோடொருவர் மாறுபட்டிருக்கிறார்கள். ஒரு முறை பதில் சொல்லி முடித்துவிட்டோம் என்றுகூட நினைத்தார்கள். அது முடியவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

நாலு வருஷத்து டாக்டருக்கு ஒரு பட்டம் இருந்தது: எல். எம். பி. பட்டம் என்று சொன்னால் சர்வகலாசாலைக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அது வெறும் லைசென்ஸ். எஸ். எஸ். எல். ஸி. முடித்த பையன், இண்டர்மீடியட் என்ற இரண்டு வருஷத்தைத் தாண்டிக் குதித்து, நேரே மருத்துவப் பள்ளியில் சேரலாம். நாலு வருஷத்தில் வெளியே வந்து நாடி பார்க்கலாம், மருந்து எழுதலாம், கத்தியையும் எடுக்கலாம். எம். பி. பி. எஸ். படிக்கிறவனோ இண்டர்மீடியட்டையும் சேர்த்து ஏழு எட்டு வருஷத்துக்குக் குறையாமல் செலவழிக்க வேண்டும். இரண்டு பையன்களின் தகப்பனாருக்கும் ஆகும் செலவு என்ன வித்தியாசம் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. ஒருவருக்கு நிலத்தில் ஒரு பகுதி போகும். இன்னொருவருக்கு நிலமே போய்விடும்.

சர்க்கார் உத்தியோகத்தில் இவர்களுக்குக் கொடுத்த பெயர் இன்னும் வேடிக்கையானது. ஜில்லாத் தலைநகரில் இருப்பவர் ஸிவில் சர்ஜன். அவருக்குக் கீழே அஸிஸ்டெண்டு சர்ஜன். அதற்கும் கீழே சப்-அஸிஸ்டெண்டு சர்ஜன். எல். எம். பி. படித்தவர் இந்த மூன்றாவது படி. அதற்கு முன்னால் அவர் பெயர் ஹாஸ்பிடல் அஸிஸ்டெண்டு என்றிருந்தது. உயர்த்தி வைத்ததாக நினைத்துத்தான் இப்படி மாற்றினார்கள். உதவிக்கு உதவி என்று பொருள்படும் ஒரு பெயரைத் தாங்கிக்கொண்டு, தாலுகா போர்டு ஆஸ்பத்திரியில் அவர் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருப்பார். அவருக்கு மேலே யாருக்கு உதவி செய்வது? பக்கத்தில் இருப்பது ஒரு கம்பவுண்டரும், கார்மினேட்டிவ் மிக்ஸர் நிரம்பிய ஜாடியும், குவினைனும், தையல் ஊசியும்தான். பிரேதப் பரிசோதனைக்கும் அவரேதான். திருவிழாக் கூட்டத்தில் காலரா ஊசி போடவும் அவரேதான்.

நம்முடைய நாவல்களில் வரும் டாக்டர்களை நினைத்துப் பார்க்கிறேன். கார் வைத்திருப்பார்கள், சீமையில் படித்திருப்பார்கள், கதாநாயகியின் தகப்பனாருக்கு நெஞ்சுவலி வரும்போது சரியாக வந்து நிற்பார்கள். நான் படித்த வரையில் சப்-அஸிஸ்டெண்டு சர்ஜன் ஒருவரைக் கதாநாயகனாக வைத்தவர்கள் மிகக் குறைவு. ஆனால் கிராமத்துச் சனங்கள் ‘டாக்டர்’ என்ற இங்கிலீஷ் வார்த்தையைத் தங்கள் சொந்தச் சொல்லாக ஆக்கிக்கொண்டது இவரைப் பார்த்துத்தான்.

உண்மையில் சென்னையின் பெரிய கல்லூரியே குறுகிய படிப்பாகத்தான் பிறந்தது. 1835-ல் கவர்னர் ஸர் பிரெடெரிக் ஆதம் காலத்தில் ஜெனரல் ஆஸ்பத்திரியை ஒட்டித் தொடங்கியபோது அது கல்லூரி அல்ல; பட்டாளத்துக்கு வேண்டிய அபாதிகரிகளையும் கட்டுக்கட்டும் உதவியாளர்களையும் தயார் செய்யும் ஒரு பள்ளி. கல்லூரி என்ற பெயர் 1850-ல் வந்தது. பிறகு அது மேலே மேலே போயிற்று. கீழே விட்டுவிட்டுப் போன இடத்தை நிரப்ப வேறொரு பள்ளி வேண்டியிருந்தது. வடசென்னையில், 1782 பஞ்ச காலத்துக் கஞ்சித் தொட்டியிலிருந்து வளர்ந்த மணியகாரர் சத்திரத்து ஆஸ்பத்திரியை ஒட்டி, இராயபுரத்தில் அந்தப் பள்ளி அமைந்தது. இராயபுரம் பள்ளியிலும் வேறு சில நகரங்களில் இருந்த பள்ளிகளிலும் படித்து வந்தவர்கள்தான் தமிழ் ஜில்லாக்களின் எல். எம். பி.க்கள்.

இங்கே கடலைத் தாண்டி யாழ்ப்பாணத்தைக் கொஞ்சம் பார்த்துவிட்டு வருவது நல்லது. ஏனென்றால் இந்த விவகாரத்தின் வேர் அங்கே தெளிவாகத் தெரிகிறது. 1847-ல் அமெரிக்காவிலிருந்து சாமுவேல் கிறீன் என்ற டாக்டர் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். மானிப்பாயில் ஆஸ்பத்திரி வைத்து, உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வைத்தியம் சொல்லிக் கொடுத்தார். முதலில் இங்கிலீஷில்தான் பாடம். பிள்ளைகள் நன்றாகப் படித்தார்கள். படித்ததும் சர்க்கார் உத்தியோகத்துக்கும் பட்டணத்துக்கும் போய்விட்டார்கள். கிராமத்தில் யாரும் தங்கவில்லை. கிறீன் யோசித்தார். 1864 முதல் பாடங்களையெல்லாம் தமிழில் நடத்தத் தொடங்கினார். அதற்காக மேல்நாட்டு வைத்திய நூல்களை அவரும் அவருடைய மாணவர்களும் தமிழில் பெயர்த்தார்கள். கலைச்சொல் ஒவ்வொன்றுக்கும் அவர்கள் பட்டபாடு தனிக் கதை. 1873-ல் அவர் ஊர் திரும்பும் வரை இது நடந்தது. தமிழில் படித்தவனுக்குக் கொழும்பில் உத்தியோகம் கிடைக்காது. ஆகவே அவன் தன் ஊரிலேயே இருப்பான். தமிழுக்கு அவர் செய்த தொண்டை நாம் போற்றுகிறோம், போற்றத்தான் வேண்டும். ஆனால் அந்தத் தொண்டுக்குள் ஒரு முளைக்குச்சியும் இருந்தது என்பதை மறைக்க முடியாது. மாடு மேய வேண்டிய தூரத்தை அளந்துதான் கயிறு கட்டப்பட்டிருந்தது.

எல். எம். பி. படிப்பும் அதே மாதிரிக் கயிறுதான். வேண்டுமென்று கட்டியதோ, தானாக அமைந்ததோ, பலன் ஒன்றே. இந்தக் கயிற்றை அறுத்துக்கொள்ளக் கூடியவர்கள் அறுத்துக்கொண்டார்கள். ஸ்ரீரங்கத்து டி. எஸ். எஸ். ராஜன் இராயபுரத்தில் படித்தார். பர்மாவில் போய் வேலை பார்த்தார். பிறகு 1907-ல் லண்டனுக்குக் கப்பலேறி அங்கே எம். ஆர். ஸி. எஸ். ஆனார். லண்டனில் வ. வே. சு. ஐயரோடும் ஸாவர்க்கரோடும் பழகியது, 1930-ல் ராஜாஜியின் வேதாரணிய யாத்திரை அவருடைய திருச்சி வீட்டிலிருந்து புறப்பட்டது முதலியவை சரித்திரப் புத்தகங்களில் இருக்கின்றன. அவரை இந்தக் கட்டுரையில் இன்னொரு தடவை சந்திக்கப் போகிறோம்.

இப்போது கீழ்பென்னாத்தூர்ச் சாலைக்குத் திரும்பலாம். அந்தச் சாலையின் கிழக்கு முனையில் இருப்பது திண்டிவனம். 1890-களின் தொடக்கத்தில் அங்கே அமெரிக்க மிஷன் டாக்டர் ஒருவரின் வீட்டில் அவருடைய மகள் ஐடா ஸ்கடர் விருந்தாளி போல வந்து தங்கியிருந்தாள். வைத்தியத்திலோ இந்தியாவிலோ அவளுக்கு ஆசை கிடையாது. ஒரே ராத்திரியில் மூன்று ஆண்கள் வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவரும் மேல்ஜாதி ஹிந்து. மூவர் வீட்டிலும் பிரசவ வேதனை. என் தகப்பனார் வருவார் என்றாள் அந்தப் பெண். ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடியும்போது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். பல தடவை சொல்லப்பட்டுத் தேய்ந்த கதைதான் இது. ஆனாலும் அந்தச் சாலையில் போகும்போதெல்லாம் எனக்கு அந்த மூன்று புருஷர்களின் நினைவுதான் வருகிறது. மூன்று வண்டிகள் மூன்று திசையில் வெறுமனே திரும்பிப் போயிருக்கும்.

அந்தப் பெண் அமெரிக்கா போய் 1899-ல் டாக்டராகி, 1900-ல் திரும்பி வந்து வேலூரில் ஆஸ்பத்திரி தொடங்கியதும், 1909 முதல் மோட்டாரில் போய்ச் சாலையோரத்து மரத்தடிகளில் வைத்தியம் செய்ததும் பலரும் அறிந்தவை. நம் விஷயத்துக்கு வேண்டியது 1918. அந்த வருஷம் ஆகஸ்டில் கவர்னர் பெண்ட்லண்டு பிரபு வேலூரில் பெண்களுக்கான ஒரு மருத்துவப் பள்ளியைத் திறந்துவைத்தார். அது எம். பி. பி. எஸ். கல்லூரி அல்ல, எல். எம். பி. பள்ளி. ஐடா ஸ்கடர் நன்றாகக் கணக்குப் போட்டே அதைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். இண்டர்மீடியட் படித்த பெண்கள் அந்நாளில் எத்தனை பேர்? எட்டு வருஷம் ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்யாமல் படிக்க அனுப்பும் பெற்றோர் எத்தனை பேர்? நாலு வருஷம் என்றால் சிலராவது வருவார்கள். வந்தார்கள். மூன்று பேர் விண்ணப்பம் போட்டால் அதிர்ஷ்டம் என்று சர்க்கார் மருத்துவ அதிகாரி கேலியாகச் சொல்லியிருந்தார். முதல் வருஷப் பரீட்சை வந்தது. ராஜதானி முழுவதும் எழுதிய ஆண்பிள்ளைகளில் ஐந்தில் ஒருவர்தான் தேறினார்கள் என்றும், வேலூரிலிருந்து போன 14 பெண்களும் தேறிவிட்டார்கள் என்றும் ஐடா ஸ்கடரின் சரித்திரத்தை எழுதியவர்கள் குதூகலத்தோடு சொல்லுகிறார்கள். 1922-ல் அந்தப் பதினால்வரும் டாக்டர்களாக வெளியே வந்தார்கள்.

வட ஆர்க்காடு ஜில்லாவுக்கு அப்போது வேலூர்தான் தலைநகர். திருவண்ணாமலை அதற்கு உட்பட்டது. (தனி ஜில்லா ஆனது 1989-ல்.) ஆக, நாலு வருஷப் படிப்பின் மிகச் சிறந்த உதாரணம் இந்த ஜில்லாவிலேயே இருந்தது.

இதையடுத்து 1924-ல் நீதிக் கட்சி ஆட்சியில், பனகல் ராஜா பிரதம மந்திரியாக இருந்தபோது, இன்னொரு காரியம் நடந்தது. டாக்டர் ஒருவர் கிராமத்தில் போய்க் குடியிருக்க ஒப்புக்கொண்டால் அவருக்கு வருஷத்துக்கு இவ்வளவு என்று உதவித் தொகை. ஏழைகளுக்கு இலவச வைத்தியம். வசதியுள்ளவர்களிடம் அவர் ஃபீஸ் வாங்கிக்கொள்ளலாம். முழுச் சம்பளம் கொடுத்துச் சர்க்கார் டாக்டரை அனுப்புவதைவிட இது எவ்வளவோ சிக்கனம். இந்த ஏற்பாட்டின் முதுகெலும்பு எல். எம். பி.க்கள்தான். சில நூறு ஊர்களில் இப்படி டாக்டர்கள் போய் உட்கார்ந்தார்கள். சிலர் அங்கேயே வேரூன்றினார்கள். சிலர் சந்தர்ப்பம் கிடைத்ததும் மூட்டை கட்டினார்கள். கிராமத்தார் டாக்டருக்குக் கத்தரிக்காயும் நெல்லும் கொடுப்பார்கள். பணமாகக் கேட்டால் முகம் மாறும். உதவித் தொகையை நம்பியே ஒரு குடும்பம் நடத்த முடியாது.

இத்தனையும் கேட்ட பிறகு, பிறகு ஏன் இந்தப் படிப்பை ஒழித்தார்கள் என்று கோபம் வருவது இயற்கை. எனக்கும் வருவதுண்டு. ஆனால் ஒழிக்கச் சொன்னவர்கள் பட்டணத்துப் பெரிய டாக்டர்கள் மட்டும் என்று நினைத்தால் விஷயம் பிடிபடாது. எல். எம். பி.க்களே கேட்டார்கள்.

அவர்களுடைய மனப்புண் ஆழமானது. 1920-களில் பிரிட்டிஷ் மருத்துவக் கவுன்ஸில் இந்தியப் பட்டங்களைப் பற்றி முகம் சுளிக்கத் தொடங்கியது. பிரசவ சிகிச்சையில் இந்திய மாணவர்களுக்குப் பயிற்சி போதாது என்பது முக்கியமான குறை. நம் பெண்கள் ஆஸ்பத்திரிக்கே வராதபோது மாணவன் எங்கே போய்ப் பிரசவம் பார்ப்பான்! 1930-ல் அங்கீகாரத்தையே விலக்கிக்கொண்டார்கள். இதற்குப் பதிலாக இந்தியாவுக்கென்று ஒரு மருத்துவக் கவுன்ஸில் 1933-ல் சட்டமாக வந்தது. சுயமரியாதையைக் காப்பாற்றப் பிறந்த அந்தச் சட்டம் யாரை வெளியே நிறுத்தியது தெரியுமா? எல். எம். பி.க்களை. வெள்ளைக்காரன் நம் எம். பி. பி. எஸ்.ஸைப் பார்த்து ‘நீ பாதி டாக்டர்’ என்றான், நம் எம். பி. பி. எஸ். திரும்பி எல். எம். பி.யைப் பார்த்து அதையே சொன்னார். நம் நாட்டு வழக்கம்தான். மேலே இருந்து விழுந்த அடியைக் கீழே இருப்பவன் முதுகில் இறக்கி வைப்பது.

ஆஸ்பத்திரியில் அதே வேலை, பாதிச் சம்பளம். இருபது வருஷ அனுபவமுள்ள சப்-அஸிஸ்டெண்டு சர்ஜன், நேற்றுப் பட்டம் வாங்கிய பையனுக்கு எழுந்து நிற்க வேண்டும். ஆகவே அவர்களுடைய சங்கம் பல வருஷமாக ஒரே கோரிக்கையை வைத்தது: இரண்டு ஜாதி டாக்டர்கள் வேண்டாம், இனி வருகிறவர்களுக்காவது ஒரே படிப்பு வேண்டும், எங்களுக்கு மேல்படிப்புக்கு வழி வேண்டும். இதில் நியாயம் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

சென்னை ராஜதானி மற்ற மாகாணங்களுக்கு முன்னாலேயே இந்தக் கோரிக்கைக்குச் செவி சாய்த்தது. இராயபுரம் பள்ளியில் 1933-ல் ஐந்து வருஷப் படிப்பு வந்தது; மறு வருஷம் கவர்னர் ஸ்டான்லியின் பெயர் வந்தது; 1938-ல் அது ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி ஆயிற்று. அப்போது ராஜாஜியின் மந்திரி சபையில் சுகாதார மந்திரியாக இருந்தவர் டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன். தாம் நுழைந்து வந்த அதே இராயபுரத்து வாசலை, பின்னால் வருகிறவர்களுக்கு இன்னும் உயரமாகக் கட்டி முடித்தபோது மந்திரி ஆசனத்தில் இருந்தவர் அவர். குறுகிய படிப்பின் குறையை அவரைவிட நன்றாக அறிந்தவர் கிடையாது; அது இல்லாவிட்டால் தாம் டாக்டரே ஆகியிருக்க முடியுமா என்பதையும் அவர்தான் அறிவார்.

வேலூருக்கும் அதே உத்தரவு. இனி எல். எம். பி. வகுப்புக்கு ஆள் சேர்க்கக் கூடாது; கல்லூரியாக உயர்த்து, அல்லது மூடு. ஐடா ஸ்கடருக்கு அப்போது வயது 68 நெருங்கிவிட்டது. கல்லூரி என்றால் ஆய்வுக்கூடங்கள், படுக்கைகள், மேல்பட்டம் பெற்ற ஆசிரியர்கள் எல்லாம் வேண்டும்; பெரும் பணம் வேண்டும். உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது அந்தக் கிழவி அமெரிக்காவில் ஊர் ஊராகப் போய்ப் பிச்சை கேட்டார். 1942-ல் எம். பி. பி. எஸ். வகுப்புத் தொடங்க அனுமதி கிடைத்தது. பணம் போதவில்லை, ஆண்கள் நடத்தும் மிஷன்களின் பணமும் சேர்ந்தால்தான் முடியும் என்றானது. அப்படியானால் ஆண் மாணவர்களையும் சேர்க்க வேண்டும். பெண்களுக்கென்று தொடங்கியதைப் பெண்களிடமிருந்து பறிப்பதா என்று, பல வருஷம் தோள் கொடுத்த அமெரிக்கத் தோழி லூஸி பீபாடி அம்மாள் எதிர்த்து நின்றார். ஆனாலும் 1947-ல் ஆண்கள் சேர்ந்தார்கள்.

இதன் பலன் என்ன? வேலூர் ஆஸ்பத்திரி இன்று உலகம் அறிந்தது. வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் நோயாளிகள் காட்பாடி ஸ்டேஷனில் வந்து இறங்குகிறார்கள். நாலு வருஷப் பள்ளியாகவே விட்டிருந்தால் இது நடந்திருக்குமா? நடந்திராது என்றே நான் நினைக்கிறேன். குறுகிய படிப்பை ஆதரித்துப் பேசுகிறவர்கள் வேலூரின் முதல் பாதிக் கதையை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுவது சரியல்ல.

மற்ற மாகாணங்களில் இந்தப் பள்ளிகள் இன்னும் சில வருஷம் நீடித்தன. 1943 அக்டோபரில் ஸர் ஜோஸப் போர் தலைமையில் இந்திய சர்க்கார் ஒரு குழுவை அமைத்தது. அதன் அறிக்கை 1946-ல் நாலு தொகுதிகளாக வந்தது. தேசத்தில் டாக்டர்கள் சுமார் 47,500 பேர். அவர்களில் ஏறக்குறைய 30,000 பேர் லைசென்ஸ் பெற்றவர்கள். சுமார் 6,300 பேருக்கு ஒரு டாக்டர். இந்த நிலையில் குழு என்ன சிபாரிசு செய்தது? இனி ஒரே வகை டாக்டர்தான். பள்ளிகளை ஒன்று கல்லூரியாக்க வேண்டும், இல்லையேல் மூட வேண்டும். 1971-க்குள் இரண்டாயிரம் பேருக்கு ஒரு டாக்டர் என்ற நிலையை அடைய வேண்டும். கிராமத்தையும் தடுப்பு வைத்தியத்தையும் அறிந்த ‘அடிப்படை டாக்டர்’ உருவாவார் என்று நம்பினார்கள். கையிலிருக்கும் கொஞ்சம் ஆசிரியர்களையும் பணத்தையும் இரண்டு வகைப் படிப்புக்குப் பங்கு போட்டால் இரண்டும் உருப்படாது என்பது அவர்கள் வாதம்.

குழுவிலேயே ஆறு பேர் இதற்கு ஒப்பவில்லை. தனிக் குறிப்பு எழுதினார்கள். மூன்றில் இரண்டு பங்கு டாக்டர்களைத் தந்துகொண்டிருக்கும் படிப்பை, அதற்குப் பதில் ஒன்று கைக்கு வருவதற்கு முன்னால் நிறுத்தினால், இடையில் உள்ள வருஷங்களில் கிராமம் என்ன செய்யும் என்பது அவர்களுடைய கவலை.

இந்த விவாதத்தில் எனக்குப் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். வருஷக் கணக்கைப் பொறுத்தவரை ஆறு பேர் சொன்னது சரி. மனித மனத்தைப் பொறுத்தவரை மற்றவர்கள் சொன்னது சரி. ஏனென்றால் நாலு வருஷத்து டாக்டர் போதும் என்று வாதாடிய எவரும் மயிலாப்பூருக்கு அவரைக் கொடுக்கலாம் என்று சொன்னதில்லை. கீழ்பென்னாத்தூருக்குப் போதும் என்றுதான் சொன்னார்கள். கீழ்பென்னாத்தூர்க்காரனுடைய குடல்வாலும் மயிலாப்பூர்க்காரனுடைய குடல்வாலும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன.

ஆனால் ‘குறுகிய படிப்பு மட்டமான படிப்பு’ என்ற வாதத்தை மட்டும் நான் முழுவதும் ஏற்க மாட்டேன். கல்கத்தாவில் கேம்ப்பெல் மருத்துவப் பள்ளி என்று ஒன்று இருந்தது, எல். எம். பி. பள்ளிதான். அங்கே ஆசிரியராக இருந்த உபேந்திரநாத் பிரம்மசாரி, காஸ் இல்லாத, குழாய்த் தண்ணீர் இல்லாத ஒரு சின்ன அறையில், ராத்திரியில் மண்ணெண்ணெய் விளக்கு வைத்துக்கொண்டு வேலை செய்தார். 1920-களின் தொடக்கத்தில் அவர் கண்ட யூரியா ஸ்டிபமைன், காலா அஸார் நோயால் மடிந்துகொண்டிருந்த வங்காளத்திலும் அஸ்ஸாமிலும் லட்சக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றியது. பள்ளியின் தரம் வாசலில் எழுதியிருக்கும் வருஷக் கணக்கில் இல்லை; உள்ளே யார் சொல்லித் தருகிறார், எத்தனை நோயாளிகளை மாணவன் தொட்டுப் பார்க்கிறான் என்பதைப் பொறுத்தது. அது எளிதாகக் கிடைப்பதல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எல்லாப் பள்ளியிலும் பிரம்மசாரி இல்லை.

அமெரிக்காவிலும் இதே நாடகம் முன்பே நடந்து முடிந்திருந்தது. 1910-ல் ஆபிரகாம் பிளெக்ஸ்னர் என்பவர் அமெரிக்கா, கனடா நாடுகளின் 155 மருத்துவப் பள்ளிகளையும் பார்த்து அறிக்கை எழுதினார். ஆய்வுக்கூடமே இல்லாத பள்ளிகள், பணம் கட்டினால் பட்டம் தரும் பள்ளிகள் பல. அவர் எழுதிய பிறகு பாதிக்கு மேல் மூடப்பட்டன. நல்ல காரியம் என்று உலகம் புகழ்ந்தது. மூடியவற்றில், நீக்ரோ ஜனங்களுக்கென்று இருந்த ஏழு பள்ளிகளில் ஐந்தும் அடக்கம். மிஞ்சியவை இரண்டு. அந்த ஜனங்களுக்கு டாக்டர்களாக வந்திருக்க வேண்டியவர்கள் எத்தனை பேர் வராமல் போனார்கள் என்பதை இப்போதுதான் கணக்கிட்டுப் பார்க்கிறார்கள்.

சுதந்திரம் வந்தது. பழைய எல். எம். பி.க்கள் பலர் சுருக்கப்பட்ட எம். பி. பி. எஸ். படிப்பை முடித்து முழு டாக்டர்கள் ஆனார்கள்; மற்றவர்கள் பெயர்ப் பலகையோடு கிழவர்களாகி மறைந்தார்கள். சென்னையில் 1925 முதல் நடந்துவந்த இந்திய வைத்தியப் பள்ளியும் இதே பாதையில் போய், 1960-ல் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியாக மாறியது. 1961-ல் டாக்டர் ஏ. லக்ஷ்மணசாமி முதலியார் தலைமையில் இன்னொரு குழு அறிக்கை கொடுத்தது. அவர் போர் குழுவிலும் இருந்தவர். குறுகிய படிப்பை மீண்டும் கொண்டுவர அந்தக் குழுவும் இணங்கவில்லை.

அவர் விட்டுச்சென்ற நாற்காலி காலியாக இருக்கவில்லை. டாக்டரிடம் இருபது வருஷம் மருந்து கலக்கிய கம்பவுண்டர் அதில் உட்கார்ந்தார். பிறகு கம்பவுண்டரிடம் வேலை செய்தவர் உட்கார்ந்தார். எல். எம். பி. போய் ‘ஆர். எம். பி.’ வந்தது. அந்த மூன்று எழுத்துக்கு நேரான பொருள் பதிவு பெற்ற டாக்டர் என்பதுதான். கிராமத்து வழக்கில் பதிவே இல்லாதவர் என்று ஆகிவிட்டது. 2001 ஜனத்தொகைக் கணக்கை வைத்து உலக சுகாதார ஸ்தாபனம் 2016-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. இந்தியாவில் தம்மை அல்லோபதி டாக்டர் என்று சொல்லிக்கொண்டவர்களில் 57 சதவீதத்துக்கு மருத்துவத் தகுதியே இல்லை. கிராமப்புறத்தில் தகுதியுள்ளவர்கள் 18.8 சதவீதம்தான். நாலு வருஷப் படிப்பு போதாது என்று தள்ளிய தேசம், ஒரு நாள் படிப்பும் இல்லாதவரிடம் ஊசி போட்டுக்கொண்டது.

மறுபடியும் முயன்று பார்த்தார்கள். புதிதாகப் பிறந்த சத்தீஸ்கர் ராஜ்யம் 2001-ல் மூன்று வருஷப் படிப்பு ஒன்றைத் தொடங்கியது. டாக்டர் சங்கம் எதிர்த்தது, பட்டத்தின் பெயர் அடிக்கடி மாறியது, ‘நாங்கள் யார்?’ என்று மாணவர்களே வீதிக்கு வந்தார்கள். சில வருஷங்களில் சேர்க்கை நின்றது. படித்து முடித்தவர்களை ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு அனுப்பினார்கள். 2010-ல் ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது, சாதாரண வியாதிகளை அறிந்து சிகிச்சை செய்வதில் அவர்கள் எம். பி. பி. எஸ். டாக்டர்களுக்கு ஏறக்குறைய சமமாகவே இருந்தார்கள். அஸ்ஸாம் 2005-ல் ஜோர்ஹாட்டில் தொடங்கியதை ஹைகோர்ட் 2014-ல் ரத்து செய்தது; 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. மருத்துவக் கல்வியின் தரத்தை நிர்ணயிப்பது மத்திய சட்டத்தின் காரியம் என்பது தீர்ப்பு. அதே வருஷம் மேற்கு வங்க முதல் மந்திரி மூன்று வருஷ டிப்ளமாவைப் பற்றிப் பேசினார். இதற்கிடையில் 2019-ஆம் வருஷத்து தேசிய மருத்துவக் கமிஷன் சட்டத்தில் 32-வது பிரிவு, ‘சமூக சுகாதாரப் பணியாளர்’ என்ற பெயரில் ஒரு குறைந்த லைசென்ஸுக்கு வழி வைத்திருக்கிறது. எந்தப் பெயரில் வந்தாலும் பழைய சப்-அஸிஸ்டெண்டு சர்ஜனின் முகம்தான் தெரிகிறது. இவருக்கும் மேலே போக ஒரு படிக்கட்டு வைத்திருக்கிறார்களா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

நம்முடைய ராஜ்யம் வேறு வழியில் போயிற்று. ஜில்லாவுக்கு ஒரு கல்லூரி என்று கட்டிக்கொண்டே வந்தார்கள். திருவண்ணாமலைக்கும் 2010-களில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. 2008 முதல் 108 என்று டெலிபோனில் சொன்னால் வண்டி வருகிறது. செஞ்சிச் சாலையில் ஐந்து மணி நேரம் அரை மணி ஆகிவிட்டது. தூரத்தை டாக்டரைக் கொண்டு குறைக்காமல் சாலையைக் கொண்டு குறைத்தார்கள் என்று சொல்லலாம். தமிழ்நாட்டில் இது பெரும்பாலும் பலித்தும் இருக்கிறது.

செலவுக் கணக்கு மட்டும் தலைகீழாகிவிட்டது. சர்க்கார் கல்லூரியில் வருஷத்துக்குச் சில ஆயிரம் ரூபாய். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் வருஷத்துக்கு இருபது லட்சத்துக்கும் மேல். நிலம் போதாது, வீடும் சேர்ந்து போக வேண்டும். நுழைவுத் தேர்வுக்கென்று ஒரு வருஷம் இரண்டு வருஷம் தனியாகப் படிக்கிறவர்கள் ஏராளம். சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020-ல் ஏழரை சதவீத இடம் ஒதுக்கி ராஜ்ய சட்டசபை சட்டம் செய்தது. கீழ்பென்னாத்தூர் சர்க்கார் பள்ளியில் படிக்கும் ஒரு பெண்ணுக்கு அந்த வழியில் இடம் கிடைக்கலாம். படிப்பு ஐந்தரை வருஷம். அதற்குப் பிறகு மேல்பட்டம் மூன்று வருஷம். படித்த பிறகு ஊருக்குத் திரும்புவாயா என்று அவளை இப்போதே கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். அதே வகுப்பில் அவளுக்குப் பக்கத்தில் உட்காரப் போகும் மயிலாப்பூர்ப் பையனை யாரும் அந்தக் கேள்வி கேட்பதில்லை.